பத்து சென்ட் காடு, முப்பது பிள்ளைகள்: மூன்று வருட வேலைக்கான வழிகாட்டி

மரக்கன்று நடும் விழாவுக்கு 300 பிள்ளைகள் வருவார்கள். மறுவாரம் தண்ணீர் ஊற்ற ஒருவரும் இருக்க மாட்டார்கள். பிள்ளைகளுக்கு அக்கறை இல்லாததால் இப்படி ஆவதில்லை. அவர்களிடம் நாம் கொடுத்தது ஒரு மணி நேர வேலை, அதோடு அது முடிந்துபோனது, அவ்வளவுதான். விதை பொறுக்குவதில் தொடங்கி மூன்றாம் வருடக் கணக்கெடுப்பு வரை முழுப் பொறுப்பையும் கொடுத்துப் பார்த்தால் இதே பிள்ளைகள் வேறு ஆட்களாக நிற்பார்கள். சென்னைக் கடற்கரையில் கடலாமை முட்டைகளைக் காக்கும் மாணவர் குழு 1988 முதல் நடக்கிறது. பருவம் முழுக்க இரவுதோறும் ஒரே கரையில் நடப்பது, முட்டையிட்ட இடத்தைக் கண்டுபிடிப்பது, பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவது என வேலை திட்டவட்டமாகவும் தொடர்ச்சியாகவும் இருப்பதால்தான் இத்தனை தலைமுறை மாணவர்கள் அதில் தங்கினார்கள்.

செங்கல்பட்டிலிருந்து புதுக்கோட்டை வரையான கடலோரச் செம்மண் பகுதியில் பள்ளி, கல்லூரி மாணவர்களைக் கொண்டு 10 சென்ட் நிலத்தில் உள்ளூர்க் காட்டை மீட்பது எப்படி என்பதை இங்கே சொல்கிறோம். ஆசிரியர், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர், தேசியப் பசுமைப் படைப் பொறுப்பாளர், ஊர் இளைஞர் மன்றத்தார் என யார் வேண்டுமானாலும் முன்னின்று செய்யலாம். இந்தக் கரையின் இயற்கையான காடு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. இன்று அது பெரும்பாலும் கோயில் காடுகளில் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ள காட்டை ஒருமுறை பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள். எதை வளர்க்கப் போகிறோம் என்பதை நீங்கள் பேச்சில் விளக்கவே வேண்டியிருக்காது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஆரோவில், 1968-ல் தொடங்கியபோது மண் அரித்த செம்மண் பொட்டலாக இருந்தது. அங்கே இன்று நிற்கும் காட்டையும் அதே நாளில் பார்த்துவிட்டு வரலாம்.

நிலம்

பள்ளி வளாகத்தின் பின்புறம் ஒரு மூலை கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. புறம்போக்கு என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணும் புல வரைபடமும் பார்த்து வகை என்னவென்று உறுதி செய்யுங்கள். நீர்நிலைப் புறம்போக்கில் நடக்கூடாது. மேய்ச்சல் புறம்போக்கில் கை வைத்தால் ஆடு மாடு வைத்திருப்பவர்களோடு தீராத சண்டை வரும், அதில் நியாயமும் அவர்கள் பக்கம்தான். ஊராட்சித் தீர்மானம் எழுத்தில் வாங்குங்கள். தலைவர் மாறினாலும் தீர்மானம் நிற்கும். கோயில் நிலமாக இருந்தால் அறநிலையத் துறைச் செயல் அலுவலரின் அனுமதியும் பூசாரியின் சம்மதமும் வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே பாருங்கள். வெறும் இடமாகத் தெரிவதெல்லாம் வெறும் இடம் அல்ல. ஆட்காட்டியும் வானம்பாடியும் தரையில்தான் முட்டையிடும். கௌதாரிக்குப் புதரும் புல்லும் வேண்டும். ஏரி உள்வாய், சதுப்பு, நல்ல புல்வெளி ஆகியவற்றில் மரம் நட்டால் அங்கே ஏற்கெனவே வாழ்வதை அழிக்கிறோம். முதல் இரண்டு மாதம் வாரம் ஒரு காலை பிள்ளைகளை அழைத்துப் போய் என்ன இருக்கிறது என்று எழுத வையுங்கள். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரைக் கூடவே நடக்கச் சொல்லுங்கள். எந்தச் செடியை ஆடு தொடாது, எந்த மேட்டில் தண்ணீர் நிற்காது, இருபது வருடத்துக்கு முன் அங்கே என்ன மரம் நின்றது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இதில் சேரும் பெயர்களை ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் கொடுத்தால் மக்கள் பல்லுயிர் பதிவேட்டில் சேர்த்துக்கொள்வார்கள். 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் அந்தக் குழு இருக்க வேண்டும்.

10 சென்ட் என்பது சுமார் 405 சதுர மீட்டர். அதில் கால் பங்கைப் புல்லுக்கும் புதருக்கும் விட்டுவிட்டு, மீதி 300 சதுர மீட்டரில் 2 மீட்டருக்கு ஒன்று வீதம் 75 கன்று வைத்தால் போதும். நெருக்கிப் போட்டால் சீக்கிரம் உயரும் என்பது உண்மை. ஆனால் கோடையில் தண்ணீர் கொடுக்கப் போவது பிள்ளைகள் என்பதை மறக்கக் கூடாது.

குழு

முப்பது பேர் போதும். ஆறு பேர் வீதம் ஐந்து குழு, ஒவ்வொரு குழுவுக்கும் 15 கன்று கொண்ட ஒரு பாத்தி. ‘ஆளுக்கு ஒரு மரம், அதில் உன் பெயர்’ என்ற வழக்கத்தை விட்டுவிடுங்கள். தன் பெயர் எழுதிய கன்று பட்டுப்போனால் அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வராது. படிப்பு முடிந்து போய்விட்டால் அந்த மரத்துக்கும் ஆள் இல்லை.

6 முதல் 9 வரையிலான வகுப்புகளும் 11-ம் வகுப்பும்தான் குழுவின் முதுகெலும்பு. 10, 12 வகுப்புப் பிள்ளைகளுக்கு டிசம்பருக்கு மேல் எந்தப் பொறுப்பும் தராதீர்கள். பொதுத்தேர்வை ஒட்டி வீட்டில் தடுப்பார்கள், பழி உங்கள் மேல் விழும். அவர்கள் பதிவேட்டைச் சரிபார்க்கலாம், சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். கல்லூரி மாணவர்கள் என்றால் நாட்டு நலப்பணித் திட்டத்தில் வருடம் 120 மணி நேரம் கணக்குக் காட்ட வேண்டும். இந்த வேலையை அதில் முறையாகப் பதிந்துவிடலாம்.

விதை, தண்ணீர், வேலி, பதிவேடு, பறவை என்று ஐந்து பொறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழுக்களுக்குள் மாற்றுங்கள். இந்தச் சுழற்சி கண்டிப்பாக வேண்டும். விட்டுவிட்டால் மண்வெட்டி சில தெருப் பிள்ளைகள் கையிலும், நோட்டும் பேனாவும் வேறு தெருப் பிள்ளைகள் கையிலும் போய் நிற்கும். தண்ணீர் சுமப்பது பெண் பிள்ளைகள் தலையில் விழும். எங்கும் தானாக நடப்பது இதுதான், தடுத்தால்தான் நிற்கும்.

பெண் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்றால் முதலில் கழிப்பறை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துப் பள்ளியிலோ அங்கன்வாடியிலோ ஏற்பாடு செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வேலை நேரம் காலை 6.30 முதல் 9 வரை. மாலை வேலை என்றால் இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும்.

பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். பத்துப் பிள்ளைக்குப் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். அரிவாள், கடப்பாரை பெரியவர்களுக்கு மட்டும். மண்வெட்டி 9-ம் வகுப்புக்கு மேல். புதருக்குள் நுழையும் முன் கழியால் தட்டிப் பார்ப்பது, குளவிக் கூடு இருக்கிறதா என்று சுற்றி வருவது, செருப்பு அல்ல மூடிய ஷூ. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவதோ கீறுவதோ கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். எந்த அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்று முன்பே விசாரித்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பாம்பு பிடிப்பது, கூட்டிலிருந்து முட்டை எடுப்பது எல்லாம் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிவிடும். ஆர்வக் கோளாறில் செய்வது பெரும்பாலும் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் என்பதால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முதல் வருடம்: நடாதீர்கள்

ஜூனில் பள்ளி திறந்ததும் வேலை தொடங்குகிறது. இந்த வருடம் விதை, நாற்றங்கால், வேலி மட்டும்.

நாவல், இலுப்பை, மகிழம், வீரை, உலக்கைப்பாலை, காசான். இவற்றுக்கு முதல் வருடமே விதை சேகரிக்க வேண்டும். மெதுவாக வளர்பவை, நடும் அளவுக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். வேம்பையும் புங்கனையும் இப்போதே பையில் போட்டால் அடுத்த அக்டோபருக்குள் வேர் பையைத் துளைத்துத் தரைக்குள் இறங்கிவிடும். அவற்றை நடவுக்கு முந்தைய கோடையில் போட்டுக்கொள்ளலாம்.

விதையை மரத்தடியில் விழுந்த பழத்திலிருந்து எடுங்கள். ஒரே மரத்திலிருந்து எல்லாம் எடுக்காமல் ஐந்தாறு மரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக. பாதியையாவது கிளிக்கும் வௌவாலுக்கும் விட்டுவிட வேண்டும். கோயில் காடுகளில் சுள்ளி கூட எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் உண்டு. கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் எதுவும் எடுக்கக் கூடாது.

எடுத்த அன்றே சதையைக் கழுவி நிழலில் ஒரு நாள் உலர்த்தி விதைத்துவிடுங்கள். நாவல், இலுப்பை, வேம்பு விதைகளை வெயிலில் காய வைத்து டப்பாவில் அடைத்து ‘மழை வரட்டும்’ என்று வைப்பதுதான் பள்ளிகளில் நடக்கும் முதல் தப்பு. இரண்டு மூன்று வாரத்தில் முளைப்புத்திறன் போய்விடும். சரக்கொன்றை விதை இதற்கு நேர் எதிர். ஓடு கெட்டியானது, தண்ணீரே உள்ளே போகாது. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி அதில் போட்டு இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் உப்பியிருப்பதை விதைத்து, உப்பாததை உப்புத்தாளில் ஒரு பக்கம் தேய்த்து மறுபடி ஊற வைக்கலாம். 6-ம் வகுப்புப் பிள்ளைகள் விரும்பிச் செய்யும் வேலை இது.

பை 5 அங்குல அகலம், 9 அங்குல உயரம். ஒன்றுக்கு ஏறக்குறைய 1 லிட்டர் மண் பிடிக்கும். 75 கன்று நட 150 பை போடுங்கள். முளைக்காதது, சாவது, மறுவருடம் மாற்றி நடுவது எல்லாம் அதில் அடங்கும். செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் 1 பங்கு. மக்காத சாணம் சூடு கிளப்பி நாற்றைக் கொன்றுவிடும். கையில் எடுத்தால் சூடும் நாற்றமும் இருக்கக் கூடாது. விதையின் கனத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம் போதும். பாதி நிழல் தரும் வலைக்குக் கீழே அடுக்கி, முளைக்கும் வரை பூவாளியால் தினம் தண்ணீர். நாவலில் ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளை கிளம்பும். திடமான ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரித்துவிடுங்கள். மாதம் ஒருமுறை பைகளைத் தூக்கி இடம் மாற்றி வையுங்கள். அடியில் ஓடும் வேர் தானாக அறுபட்டு உள்ளே நார்வேர் பெருகும்.

விதைப்பந்து பற்றி எல்லாப் பள்ளியிலும் கேட்பார்கள். கெட்டித் தரையில் எறிந்த பந்து வெயிலில் காயும், அல்லது எறும்பு கொண்டுபோகும். எறியும் மகிழ்ச்சி பிள்ளைகளுக்குக் கிடைக்கும், செடி கிடைப்பது அரிது. அதே விதையை மழைக்குப் பின் ஓர் அங்குலம் மண்ணுக்குள் அழுத்தினால் பலன் கூடுதல்.

பனைக்கு மட்டும் முதல் வருடமே நேரடி விதைப்பு. ஆகஸ்டிலிருந்து விழும் பழத்தின் கொட்டையை எல்லைக் கரை ஓரம் 10 அடிக்கு ஒன்றாக அரை அடி ஆழத்தில் புதையுங்கள். முளை நேராகக் கீழே இறங்குவதால் பை ஒத்துவராது. தை மாதம் வந்ததும் பனங்கிழங்கு என்று யாராவது பிடுங்கித் தின்றுவிடுவார்கள். அதட்டி ஆகாது. தின்பதற்கென்றே மணல் குவித்துத் தனியாக 50 கொட்டை போடுங்கள், எல்லைப் பனை தப்பிக்கும்.

வேலி இல்லாமல் கன்று இல்லை. கிளுவைப் போத்துகளை (வெட்டிய கிளைகளை) நெருக்கமாக நட்டு உயிர்வேலி வையுங்கள். அது தழைத்து அடையும் வரை வெட்டிய முள்ளைப் படல் போட்டுக் காக்கலாம். நிலத்தில் சீமைக்கருவேல் இருந்தால் ஒரே நாளில் பொக்லைன் வைத்து வழிக்காதீர்கள். மண் புரண்டு, ஏற்கெனவே உள்ள காரை, சூரைப் புதர்களும் சேர்ந்து அழியும். தரைமட்டத்தில் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். ஓர் அடி ஆழம் வரை தோண்டி வேர்க்கட்டையை எடுக்க வேண்டும், அது பெரியவர்கள் வேலை. மழை பெய்து மண் இளகியதும் விரல் கனமுள்ள கன்றுகளை வேரோடு பிடுங்குவது பிள்ளைகள் வேலை. தோல் கையுறை அவசியம், முள் குத்தினால் சீழ் பிடிக்கும். விதை மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும் என்பதால் ஒவ்வொரு நவம்பரிலும் இதைச் செய்தாக வேண்டும்.

கூடவே 10 அடி உயர மூங்கிலில் குறுக்குக் கம்பு கட்டி நான்கைந்து இடத்தில் நடுங்கள். கரிச்சானும் கொண்டைக்குருவியும் வந்து உட்காரும். பழம் தின்ற பறவை எச்சத்தோடு விதையையும் அங்கே போடும். அடியில் முளைப்பதை எண்ணுவது பறவைக் குழுவின் பொறுப்பு.

இரண்டாம் வருடம்: நடவு

செப்டம்பர் மழையில் தரை இளகியதும் ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி. மேல் அரையடி மண்ணை ஒரு பக்கம் தனியாகப் போடுங்கள், அது குழியின் அடிக்குப் போக வேண்டும். கரையானுக்கு வேப்பம் புண்ணாக்கு குழிக்கு 100 கிராம் வீதம் மொத்தம் 7.5 கிலோ.

வடகிழக்குப் பருவமழை பிடித்து இரண்டு நல்ல மழை கண்டபின், அக்டோபர் கடைசி வாரத்துக்குள் நட்டுவிடுங்கள். டிசம்பரில் நட்டால் வேர் பிடிப்பதற்குள் மழை போய்விடும். அமைச்சர் தேதி, விருந்தினர் தேதி எதற்கும் காத்திருக்க வேண்டாம், மழைதான் தேதி. பையைப் பிளேடால் நெடுக்காகக் கீறி உரிக்க வேண்டும். அடியில் சுருண்ட வேர் இருந்தால் அதையும் வெட்டுங்கள், சுருளோடு நட்ட மரம் ஐந்தாறு வருடம் கழித்துக் காற்றில் சாயும். பையில் மண் இருந்த மட்டமும் தரைமட்டமும் ஒன்றாக இருக்கட்டும். தண்டில் மண் ஏறினால் அழுகும். உரித்த பைகளை எண்ணி வாங்குங்கள். 75 கன்றுக்கு 75 பை திரும்ப வரவில்லை என்றால் எங்கோ ஒன்று பையோடு புதைந்திருக்கிறது.

கோடை

இங்கேதான் பெரும்பாலான முயற்சிகள் சாகின்றன. மழை டிசம்பரில் ஓய்கிறது. பிப்ரவரியிலிருந்து தண்ணீர் வேண்டும். மார்ச் ஏப்ரலில் தேர்வு, அதன்பின் மே முழுக்க விடுமுறை. செடிக்குத் தாகம் உச்சத்தில் இருக்கும்போது ஊரில் பிள்ளைகள் இல்லை.

ஆகவே கணக்கை ஜனவரியிலேயே போடுங்கள். கன்றுக்கு 5 லிட்டர், வாரம் இருமுறை. 75 கன்றுக்கு வாரம் 750 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் 50 குடம், ஒரு தடவைக்கு 25. நிலத்திலேயே 500 லிட்டர் தொட்டி ஒன்று வைத்து, ஊராட்சிக் குழாயிலிருந்தோ டிராக்டர் டேங்கரிலோ நிரப்பிவிட்டால் பிள்ளைகள் சுமக்க வேண்டியது இருபது முப்பது அடி தூரம்தான். நிறைகுடம் 15 கிலோ, சின்னப் பிள்ளைகளுக்கு 7 லிட்டர் வாளி கொடுங்கள். விடுமுறையில் ஊரிலேயே இருப்பவர்கள் யார் என்று ஏப்ரல் முதல் வாரம் பெயர் எடுத்தால் பத்துப் பன்னிரண்டு பேர் தேறுவார்கள். அவர்களுக்குக் கிழமை குறித்த அட்டை, கூடவே ஊரில் இருக்கும் கல்லூரிப் பிள்ளை ஒருவர் மேற்பார்வைக்கு. இவர்கள் தண்ணீர் ஊற்றும் காலையில் சுண்டலோ கேழ்வரகுக் கூழோ இருக்கட்டும். பரிசுச் சான்றிதழைவிட அது அதிகம் வேலை செய்யும்.

தினம் ஒரு சொம்பு ஊற்றுவது தப்பு. மேல் மண் மட்டும் நனைந்து வேர் மேலேயே நிற்கும். வாரம் இருமுறை ஆழமாக ஊற்றினால் வேர் கீழே தேடிப் போகும். தண்டைச் சுற்றி நாலு விரல் விட்டு, மீதிப் பாத்தியில் வைக்கோலோ சருகோ நான்கு அங்குலம் மூடாக்கு. பிப்ரவரியில் எல்லையைச் சுற்றி 10 அடி அகலத்துக்குக் காய்ந்த புல்லைச் செதுக்கி வையுங்கள். பீடி நெருப்பு ஒன்று மூன்று வருட உழைப்பை ஒரு மதியத்தில் முடித்துவிடும். அடுத்த கோடையில் பத்து நாளுக்கு ஒரு தண்ணீர் போதும், அதற்குப் பிறகு நிறுத்திவிட வேண்டும்.

பதிவேடு

நட்ட அன்றே ஒவ்வொரு கன்றுக்கும் எண். தகரத் துண்டில் ஆணியால் எழுதி, கன்றில் அல்ல, பக்கத்துக் குச்சியில் கட்டுங்கள். தண்டில் கட்டிய கம்பி தண்டுக்குள் புதைந்துபோகும். ஜனவரியிலும் ஜூனிலும் கணக்கெடுப்பு: எண், மரம், உயிரோடு உண்டா, உயரம், செத்திருந்தால் காரணம். காரணத்துக்கு ஆடு, கரையான், வறட்சி, தண்ணீர் தேக்கம், தெரியவில்லை என்ற ஐந்தில் ஒன்று. செத்த கன்றை எழுத வெட்கப்பட்டு பிள்ளைகள் மறைப்பார்கள். யார் பாத்தியில் அதிகம் பிழைத்தது என்று போட்டி வைத்தால் இந்தப் பொய் வளரும், போட்டி வைக்காதீர்கள். ஒரு பாத்தியில் மட்டும் ‘ஆடு’ என்று ஆறு தடவை வந்தால் வேலியில் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். கணக்கின் பயன் அதுதான்.

பறவைக் குழு மாதம் ஒரு காலை, ஒரே இடத்தில் நின்று, 15 நிமிடம் பார்த்ததை எழுத வேண்டும். அதை இ-பேர்ட் தளத்தில் ஏற்றலாம். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும் சேரலாம். மரங்களின் பூ, காய், தளிர் பருவத்தை வாரவாரம் பதிய சீசன்வாட்ச் திட்டம் பள்ளிகளைச் சேர்த்துக்கொள்கிறது. பக்கத்தில் நிற்கும் பழைய வேம்பு ஒன்றே அதற்குப் போதும்.

ஒவ்வொரு ஜூனிலும் பாதிக் குழு மாறும். போகிறவர் ஒவ்வொருவரும் புதிதாக வருகிற ஒருவரோடு இரண்டு மாதம் சேர்ந்து வேலை செய்துவிட்டுத்தான் விலக வேண்டும் என்று விதி வையுங்கள். பதிவேட்டின் மூலப் பிரதி பள்ளியில் இருக்கட்டும், நகல் ஊராட்சியில். தலைமையாசிரியர் மாற்றலாகும் வருடத்தில், புதியவர் மேசைக்கு முதல் வாரமே அந்த நோட்டைப் பிள்ளைகள் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.